600 ராண்டுக்கு 5ஜி ரவுட்டரா, பிள்ளைகள் போனுக்கு டேட்டாவா? (சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு)

மீனா, சாட்ஸ்வொர்த்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்கள், அதிலும் போன், நெட் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எட்டு வயது முதல் பதினைந்து வயது வரை இருபது பிள்ளைகள். வீட்டில் தமிழ் புழக்கம் இல்லை. ஆயாவுக்குக் கொஞ்சம் தெரியும், அதுவும் பாட்டும் பழமொழியும்தான். ஒரு நாள் படித்துவிட்டு மற்ற ஆறு நாளும் காதில் தமிழே விழாவிட்டால், அடுத்த சனிக்கிழமை திரும்ப முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் ஜூமில் ஒரு மணி நேரம் வைத்தேன்.

மாத ஆரம்பத்தில் நன்றாக வருகிறார்கள். இருபதாம் தேதி தாண்டினால் முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. முதலில் கேமராவை அணைப்பார்கள், அப்புறம் ஆளே இருக்காது. கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "டேட்டா முடிஞ்சிடுச்சு டீச்சர்." ஒரு பையன் பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி வீட்டு வைஃபைக்காக அவர்கள் மதில் மேல் ஏறி உட்கார்ந்து படிக்கிறான். உள்ளே போய் உட்காரேன்டா என்றால் சித்தப்பா தூங்குகிறாராம். அவன் வாசிப்பதைவிட அந்த வீட்டு நாய் குரைப்பதுதான் எங்களுக்கு அதிகம் கேட்கிறது.

இப்போது கோயில் கமிட்டி வகுப்புக்கு மாதம் 600 ராண்ட் ஒதுக்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பொருளாளர் அண்ணா மாலுக்குப் போய் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்துவிட்டார். அன்லிமிடெட் 5ஜி, ரவுட்டர் இலவசம், 24 மாத ஒப்பந்தம். மண்டபத்தில் வைத்தால் வகுப்பை ஹெச்டியில் நேரலை போடலாம், காவடியையும் போடலாம், மெல்பர்னில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்கலாம் என்கிறார். மண்டபத்தில் வேகம் இருந்து என்ன அண்ணா, பிள்ளையின் போனில் டேட்டா இல்லையே என்றேன். "இந்தக் காலத்தில் யாரம்மா மெதுவான நெட் கேட்கிறார்கள்? எல்லாரும் வேகம்தான் கேட்கிறார்கள்" என்று முடித்துவிட்டார்.

600ஐ இருபதால் வகுத்தால் தலைக்கு 30 ராண்ட். அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, அண்ணா சொல்வதுதான் சரியா? தென்காசியில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னால் அவர் நம்பவே மாட்டேன் என்கிறார். அங்கே ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி, அதிலும் பாதி சீரியல்.

கடைக்காரர், ஃபீனிக்ஸ்:

டீச்சர், நான் ஃபீனிக்ஸில் போன் கடை வைத்திருக்கிறேன். ஏர்டைம், டேட்டா, சிம், கண்ணாடி மாற்றுவது, எல்லாம். பொருளாளர் அண்ணா சொல்லும் அந்த "எல்லாரும்" என் கடைக்கு வருவதே இல்லை. வேகம் எவ்வளவு என்று கவுண்டரில் நின்று கேட்பவர்கள் கேம் விளையாடும் பையன்கள் மட்டும்தான். மற்றவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை ராண்ட், எத்தனை நாள் வரும்.

சம்பளம் 25ஆம் தேதி. அரசு உதவித்தொகை மாதத் தொடக்கத்தில். அந்த ஒரு வாரம் ஒரு ஜிபி, ரெண்டு ஜிபி போகும். பத்தாம் தேதிக்கு மேல் வாராந்திரப் பண்டில் (டேட்டா பேக்). இருபதுக்கு மேல் பத்து ராண்ட், ஐந்து ராண்ட், ஒரு மணி நேரப் பண்டில். உங்கள் பிள்ளைகள் இருபதாம் தேதிக்குமேல் காணாமல் போவது என் கல்லாவிலும் அப்படியே தெரிகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்சமாக வாங்குகிறவனுக்குத்தான் விலை அதிகம். ஸ்பாஸா என்கிற தெருமுனைப் பெட்டிக் கடையில் சிகரெட்டை ஒற்றையாக வாங்குகிற மாதிரி, பாக்கெட் கணக்குப் பார்த்தால் அவன்தான் கூடக் கொடுக்கிறான். 2019இல் 30 நாள் பண்டில் 1 ஜிபி 149 ராண்ட், 100 எம்பி 29 ராண்ட். அந்தப் பத்து சின்னப் பண்டிலைக் கூட்டினால் 290! 2016இல் டேட்டா மஸ்ட் ஃபால் (டேட்டா விலை குறைய வேண்டும்) என்று ரேடியோக்காரர் டிபிஓ டச் நாடாளுமன்றம் வரை போய்ப் பேசினாரே, நினைவிருக்கிறதா? அடுத்த வருடமே, கம்பெனிகளின் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. 2019 டிசம்பரில் அறிக்கை வந்தபோது அதில் இருந்தது என் கடைக்கு வருகிறவர்கள் அன்றாடம் சொல்வதுதான்: விலை அமைப்பு ஏழைகளுக்கு எதிராக இருக்கிறது, பெரிய நெட்வொர்க் நிறுவனங்களான வோடாகாமும் எம்டிஎன்னும் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் வோடாகாம் 1 ஜிபியை 149இலிருந்து 99க்கு இறக்கியது. அடுத்த ஏப்ரலில் 85. குறைந்தது உண்மைதான். ஆனால் 2021இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 21.69 ராண்ட். ஒரு ஜிபிக்கு ஒரு ஆள் நாலு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதை உங்கள் ஜூம் ஒரே சாயங்காலத்தில் குடித்துவிடும்.

சரி, வேகம் பற்றிச் சொல்கிறேன், இதைப் பொருளாளர் அண்ணாவிடம் அவசியம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா, வருடக்கணக்காக என் வாடிக்கை. பழைய 3ஜி போன் திரை உடைந்து போய், மகன் ஒரு 5ஜி போன் வாங்கிக் கொடுத்தான். வாரத்துக்கு வரும் பண்டில் இரண்டு நாளில் காலி. நேராக என்னிடம் வந்து, "நீ டேட்டாவைக் குறைச்சுப் போட்டுட்டே" என்று சண்டை. கடையில் ஆட்கள் வேறு. போனை வாங்கி செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று காட்டினேன். மேலே யூடியூப், அதற்கு அடுத்து ஃபேஸ்புக் வீடியோ. பழைய போனில் சிக்னல் மெதுவாக இருந்ததால் வீடியோ தானாகவே மங்கலான தரத்தில் ஓடியது. புதிய போனில் வழி திறந்துவிட்டதும் அது தானாகவே ஹெச்டிக்கு ஏறிக்கொண்டது. அதே பாட்டு, அதே நேரம், நாலைந்து மடங்கு டேட்டா. யூடியூபில் மொபைல் நெட்வொர்க்குக்கு டேட்டா சேவர் போட்டேன், ஃபேஸ்புக்கில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தினேன். அடுத்த வாரம் வந்து ஒன்றும் சொல்லாமல் வழக்கமான பண்டிலை வாங்கிக்கொண்டு போனார். சண்டைக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது.

அளந்து வாங்கும் டேட்டாவில் வேகம் கூடினால் பர்ஸ்தான் சீக்கிரம் காலியாகும். வேகத்துக்கு அர்த்தம் இருப்பது அளவில்லாத வைஃபையில்.

இன்னொன்று. "10 ஜிபி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். அதில் பாதி நள்ளிரவுக்கு மேல் மட்டும் ஓடும் நைட் டேட்டாவாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்கு ஆத்திசூடி படிக்கப் போவதில்லை.

30 ராண்டுக்கு வழி இருக்கிறது. ஆனால் ஜூம் வீடியோவை மறந்துவிட வேண்டும். பத்து நிமிட வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ரெண்டு எம்பிக்குள் அடங்கிவிடும். தினமும் ஒன்று அனுப்பினாலும் மாதம் அறுபது எம்பிதான். வீடியோவாகக் காட்டியே தீர வேண்டும் என்றால் 360பி தரத்தில் எடுத்து, சனிக்கிழமை மண்டபத்திலேயே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு க்விக் ஷேரில் அனுப்பிவிடுங்கள். அதற்கு டேட்டாவே வேண்டாம். பெற்றோர் போனில் வாட்ஸ்அப் தானாக இறக்கும் படம், வீடியோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். குட் மார்னிங் பிள்ளையார் படங்களிலேயே பல வீட்டு டேட்டா போகிறது. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

செந்தில், மிட்ராண்ட்:

மீனா அக்கா, வணக்கம். நான் நெட்வொர்க் திட்டமிடல் வேலையில் இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, சொன்னால் எல்லாரும் சிக்னல் புகாரை எனக்கே அனுப்புவீர்கள்.

கடைக்கார அண்ணன் சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் வேகத்தையும் விலையையும் எதிரெதிராக நிறுத்துவதை ஒப்புக்கொள்ள முடியாது. 3ஜியில் ஒரு ஜிபி கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவு 4ஜியில் குறைவு, 5ஜியில் இன்னும் குறைவு. அதே கோபுரம், அதே டீசல், அதே வாட்ச்மேன், ஆனால் ஒரே நேரத்தில் பல மடங்கு ஆட்களுக்குப் பங்கிட முடியும். தென்காசி அம்மா தினமும் ரெண்டு ஜிபி பார்ப்பது எப்படி? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பழைய 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் நாடு முழுக்க 4ஜி மட்டும் போட்டு, ஆரம்பத்தில் இலவசமாகவே கொடுத்தது. அதற்கு முன்பு அங்கேயும் 1 ஜிபி 250 ரூபாய் வாக்கில்தான் இருந்தது. புதிய தொழில்நுட்பமும் அத்தனை கோடி வாடிக்கையாளர்களும் சேர்ந்துதான் விலையை உடைத்தார்கள்.

இங்கே ஏன் அப்படி ஆகவில்லை? ஒரு முக்கியக் காரணம் அலைக்கற்றை. 4ஜிக்கு உருப்படியான அலைக்கற்றை ஏலம் 2022 மார்ச்சில்தான் நடந்தது. 14.4 பில்லியன் ராண்டுக்குப் போனது. அதிலும் 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பழைய அனலாக் டிவி உட்கார்ந்திருந்தது. தூரமாகப் போகும், சுவரைத் துளைக்கும், கிராமத்துக்குக் குறைந்த கோபுரங்களோடு நெட் கொடுக்கும் அலைவரிசைகள் அவைதான். டிவியை நிறுத்தும் தேதி தள்ளித் தள்ளி, 2025 மார்ச்சில் நீதிமன்றம் வரை போய் அதுவும் நின்றது. செட்டாப் பாக்ஸ் கிடைக்காத ஏழை வீடுகளில் டிவி அணைந்துவிடும் என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதே ஏழை வீட்டுக்குத்தான் மலிவு டேட்டாவும் தள்ளிப்போகிறது.

மின்வெட்டை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது கோபுரத்து பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் போன காசு கொஞ்சநஞ்சமில்லை. பேட்டரியைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் தனி. அதெல்லாம் கடைசியில் பண்டில் விலையில்தான் வந்து உட்காரும்.

மலிவும் வேகமும் சேர்ந்து வந்த இடமும் இந்த நாட்டில் உண்டு. ஸ்டெல்லன்பாஷ் பக்கம் கயமண்டியில் ஆரம்பித்த ஃபைபர்டைம், டவுன்ஷிப் (ஏழைக் குடியிருப்பு) வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து ஒரு நாளைக்கு 5 ராண்ட் வாங்குகிறது. காசு இருக்கும் நாளுக்கு மட்டும் கட்டினால் போதும், அன்றைக்கு அளவே இல்லை. மக்கள் மெதுவான நெட் கேட்கவில்லை. கையில் இருக்கும் சில்லறைக்கு நெட் கேட்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று காரணம். அன்லிமிடெட் என்பதற்குப் பின்னால் நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று ஒன்று இருக்கும், அதைத் தாண்டினால் வேகம் தரையில் போய் நிற்கும். 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது, அது கான்க்ரீட் சுவரைத் தாண்டவே சிரமப்படும். சாட்ஸ்வொர்த்தோ மேடும் பள்ளமும். தெருவின் மேல்முனையில் நாலு கோடு காட்டும், கீழ்முனையில் ஒன்றும் இருக்காது. மண்டபம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் வரைபடத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. மூன்றாவது, கோயில் கமிட்டி இரண்டு வருடம் அப்படியே இருக்குமா என்பது உங்களுக்கே தெரியும்.

மாதாமாதம் நிறுத்திக்கொள்ளும்படியான சாதாரண எல்டிஇ (4ஜி) வைஃபை போதும். ஹெச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) வேகம் இருந்தால் நெட்ஃபிளிக்ஸே திருப்திப்படும். நூறு எம்பிபிஎஸ் வைத்து வகுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆனால் காவடி விஷயத்தில் பொருளாளர் அண்ணாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் மெல்பர்னுக்கும் பர்த்துக்கும் வீடியோ கால் போடுவார்கள். 4ஜி திணறும் நாள் அதுதான். 5ஜி உண்மையிலேயே உதவும் நாளும் அதுதான்.

மெரிபேங்க் ஆயா:

மீனா மகளே, நான் ஓய்வு பெற்ற நர்ஸ். பிறந்தது இங்கேதான், தமிழ் எழுத அப்பா கற்றுக் கொடுத்தார். பேத்தி டைப் செய்ய உதவுகிறாள்.

எனக்கு ஓய்வூதியம் வரும் நாளில் பேத்தி என் போனுக்கும் அவள் போனுக்கும் டேட்டா போடுவாள். எனக்கு வேண்டியது தேவாரம் கேட்க, கனடாவில் இருக்கும் மகனிடம் பேச. பேசுவதற்கு முகம் வேண்டுமா என்று அவன் கேட்பான். பொங்கல், தீபாவளிக்கு முகம் காட்டு, மற்ற நாளில் குரல் போதும் என்று சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப் குரல் அழைப்பு ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிகூடத் தொடாதாம், பேத்தி கணக்குப் போட்டுக் காட்டினாள். வீடியோ என்றால் பத்து மடங்காம்.

பிள்ளைகளுக்குக் குரலே போதும் என்று அந்தக் கடைக்காரத் தம்பி சொன்னது சரி. நாங்கள் தமிழ் கற்றது காதால்தான். கோயிலில் பெரியவர்கள் பாடுவார்கள், நாங்கள் பின்னால் பாடுவோம். புத்தகம் அப்புறம் வந்தது.

ஒரு சந்தேகம். என் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். 2ஜி, 3ஜி எல்லாவற்றையும் நிறுத்தப் போகிறார்கள் என்று சொல்கிறார்களே, அப்போது அவர் என்ன செய்வார்? வேகம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா?

செந்தில், மிட்ராண்ட்:

ஆயா, வணக்கம். 2027 டிசம்பர் கடைசிக்குள் 2ஜியையும் 3ஜியையும் நிறுத்துவது என்று அரசின் கொள்கை சொல்கிறது. அங்கே சிக்கிக்கிடக்கும் அலைவரிசையை 4ஜிக்கும் 5ஜிக்கும் கொடுக்கத்தான். தேதி தள்ளிப் போகலாம், இந்த ஊரில் எல்லாத் தேதியும் தள்ளித்தான் போகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இப்போதே அவசரமில்லை. ஆனால் அடுத்த போன் வாங்கும்போது 4ஜியில் குரல் அழைப்பு போகுமா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 4ஜி இருக்கும் பட்டன் போன்களும் உண்டு. 2,500 ராண்டுக்குள் இருக்கும் ஸ்மார்ட்போன்களுக்கு ஆடம்பரப் பொருள் என்று போட்டிருந்த 9 சதவீத வரியை 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். துப்புரவு வேலை செய்யும் அக்காவின் போன் ஆடம்பரப் பொருள் பட்டியலில் இத்தனை வருடம் இருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மீனா, சாட்ஸ்வொர்த்:

எல்லாருக்கும் நன்றி. ஆயா, உங்கள் தமிழைப் பார்த்து எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். ஒரு நாள் வாய்ஸ் நோட்டில் தேவாரம் ஒன்று பாடி அனுப்புவீர்களா? பேத்தியிடம் சொல்லி எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.

செந்தில் தம்பி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கோபுரத்துக்குச் செலவு குறைந்தால் பண்டிலுக்கு விலை தானாகக் குறைந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. கடைக்கார அண்ணன் சொன்ன 149 எப்படி 99 ஆனது? 2022இல் ஏலம் நடப்பதற்கு முன்பே குறைந்துவிட்டதே! போட்டி ஆணையம் கழுத்தில் கை வைத்த பிறகுதான் குறைந்தது. புதிய கருவி வாங்கினால் லாபம் யாருக்குப் போகும் என்பது வேறு கணக்கு. சரி, அதை விடுங்கள்.

சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரையும் போனை மேசை மேல் வைக்கச் சொன்னேன். பெரும்பாலும் அம்மா போன், சில பேருக்கு அக்காவோடு பங்கு. என்ன நெட்வொர்க் என்று பார்த்ததில் நாலு வகை இருந்தது. ஒரே நெட்வொர்க்காக இருந்தால் கமிட்டி ஒரு பெரிய பண்டில் வாங்கி எல்லாருக்கும் பிரித்து அனுப்பலாம் என்று கணக்குக்கார அப்பா ஒருவர் சொல்கிறார். டேட்டாவை இன்னொரு எண்ணுக்கு மாற்றும் வசதியை எல்லா நிறுவனமும் தர வேண்டும் என்று 2019இலிருந்து விதி இருக்கிறதாமே, உண்மையா? பெரிய பண்டிலில் ஜிபி விலை குறைவு என்பதால் அது நல்ல யோசனையாகப் பட்டது.

புதன்கிழமை ஜூமை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக இரவு ஏழு மணிக்கு வாய்ஸ் நோட்டில் ஒரு கதை, கடைசியில் ஒரு கேள்வி. பதிலும் வாய்ஸ் நோட்டில்தான் வர வேண்டும். ஜூமில் வாயே திறக்காத ஒரு பெண், தனியாகப் பேசுவது என்றதும் இரண்டு நிமிடத்துக்கு நரிக்கதை சொல்லி அனுப்பியிருக்கிறாள். நரி "நான் வரேன், நீ போறேன்" என்றுதான் பேசுகிறது, ஆனால் பேசுகிறது. மதில் மேல் உட்காரும் பையன் மட்டும் வருத்தத்தில் இருக்கிறான். அவனுக்கு ஜூம்தான் பிடித்திருந்ததாம். எல்லாரையும் பார்க்கலாம் என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மாதத்தில் முதல் புதன் மட்டும் ஜூம், மற்றதெல்லாம் குரல் என்று வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

பொருளாளர் அண்ணா துண்டுப் பிரசுரத்தை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

கடைக்காரர், ஃபீனிக்ஸ்:

உண்மைதான் டீச்சர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசாவின் விதி, 2019 மார்ச் வாக்கில் நடைமுறைக்கு வந்தது. 50, 80, 100 சதவீதம் முடியும்போது எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், கேட்காமல் பண்டிலுக்கு வெளியே காசு பிடிக்கக்கூடாது, மீந்த டேட்டாவை அடுத்த காலத்துக்கு நகர்த்தவும் அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொருவருக்கு மாற்றவும் வழி கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பண்டில் முடிந்தது தெரியாமல் ஏர்டைம் முழுவதும் கரைந்துபோய், என் கடையில் வந்து அழுதவர்கள் உண்டு. ஆனால் எல்லாப் பண்டிலையும் ஒரே மாதிரி மாற்ற முடியாது. உங்கள் போனுக்கு மட்டும் என்று ஆசைகாட்டி வரும் சலுகைப் பண்டிலை வாங்கிவிட்டுப் பிரிக்கப் போனால் சில சமயம் விடாது. வாங்குவதற்கு முன்பு ஒரு சின்னப் பண்டிலை மாற்றிப் பாருங்கள்.

நாலு வகை நெட்வொர்க் என்பதால் இன்னொரு வழி. கேபிடெக் வங்கி 2022இல் சிம் கொண்டு வந்தது, செல் சி என்கிற நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஓடுவது. ஆரம்பித்தபோதே 100 எம்பி 4.50 ராண்ட், 1 ஜிபி 45 ராண்ட். கொஞ்சமாக வாங்கினாலும் அதே விலை, காலாவதி கிடையாது. எனக்குக் கமிஷன் வரும் பொருள் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 27 ராண்டுக்கு 600 எம்பி. உங்கள் வாய்ஸ் நோட்டுக்கு அறுபது போனாலும் ஜூமில் கேமரா இல்லாமல் குரலோடு மட்டும் சேர்ந்து உட்கார மீதி தாராளம். மதில் பையன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பத்து நிமிடம் எல்லாரும் கேமரா போடுங்கள், அப்புறம் அணையுங்கள். இரண்டு சிம் போடும் போன்தான் இப்போது அதிகம். ஆனால் அந்தப் பிள்ளையின் தெருவில் சிக்னல் எப்படி என்று முதலில் ஒரு சிம்மை வைத்து நடந்து பாருங்கள். செந்தில் தம்பி சொன்ன மேடு பள்ளம் இதற்கும் பொருந்தும்.

செந்தில், மிட்ராண்ட்:

அக்கா, 149க்கும் 99க்கும் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இருக்கிறது, கோவிட் நேரத்தில் தற்காலிக அலைக்கற்றை கொடுத்தார்கள் என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அதுவும் 2020 ஏப்ரலில்தான் கொடுக்கப்பட்டது, விலைக்குறைப்பு ஒப்பந்தம் மார்ச்சிலேயே ஆகிவிட்டது. இந்தச் சுற்று உங்களுக்கு.

காவடிக்கு மட்டும் கணக்குச் சொல்கிறேன், பொருளாளர் அண்ணாவிடம் காட்டுங்கள். 720பி நேரலைக்கு மேலே அனுப்பும் வேகம் 3 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு 1.3 ஜிபி. காலையில் ஐந்து மணி நேரம் போட்டால் ஏழு ஜிபி. தைப்பூசத்துக்கு ஒரு தடவை, சித்ரா பௌர்ணமிக்கு ஒரு தடவை. அந்த இரண்டு நாளுக்குப் பெரிய பண்டில் ஒன்றை 5ஜி போனில் போட்டுக்கொண்டால் முடிந்தது. இரண்டு நாளுக்காக 24 மாதம் கட்ட வேண்டாம். துண்டுப் பிரசுரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இறக்கும் வேகம். நேரலைக்கு வேண்டியது ஏற்றும் வேகம், அது எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று அவரையே தேடச் சொல்லுங்கள்.

கடைக்காரர், ஃபீனிக்ஸ்:

போன் வெயிலில் சூடேறி நேரலை பாதியில் நிற்கும். போன தைப்பூசத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான் அலகு குத்தும் நேரத்தில் படம் போய்விட்டது. கவரைக் கழற்றிவிடுங்கள், பந்தல் நிழலில் நிறுத்துங்கள், பவர் பேங்க் ஒன்று போதாது, ரெண்டாக வையுங்கள். அந்தப் போனுக்கு வரும் அழைப்பை நிறுத்திவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மெல்பர்னிலிருந்தே யாராவது "லைவ் தெரியலையே" என்று கூப்பிட்டு லைவைக் கெடுப்பார்கள்.